பக்கி

தமிழ்நாட்டிலிருந்து வந்த பூசாரி முதல் நாள் சிரித்தார்:
"பக்கி என்றால் எங்கள் பக்கம் வசவு, அம்மா."
வெருலமில் அது பின்புறம் திறந்த வண்டி.
வெந்தயக் கீரை, பச்சை மிளகாய், ஈரச் சாக்கு,
என் வயிற்றுப்பாடு.
வசவாகவும் சில நாள் இருந்திருக்கிறது.

கிளேர்வுட் சந்தையில் காலை நாலரை.
வாசல் திறக்க இன்னும் அரைமணி.
சூடு ஆறாத பானெட்டின் மேல்
தேநீர்க் குவளைகள்.

தயாளன் கோவேந்தர்
நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று சொல்வார்.
பெக்கானி
லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பான்.
அவருக்கு எண் குறைந்தால் பெருமை,
இவனுக்கு ஏறினால்.
ஒன்பது என்கிறார் அவர், பதினொன்று என்கிறான் இவன்,
விடியும்வரை வழக்கு.
ஒருநாள் தக்காளிப் பெட்டியின் அட்டையில் வகுத்துப் பார்த்தேன்.
இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.
சொல்லவில்லை. தேநீர் பாதி இருந்தது.

"டொயோட்டா. நாலு லட்சம் ஓடியாச்சு.
ஒரு கிளட்ச், அவ்வளவுதான்.
நடுவழியில் நின்றதே இல்லை" என்பார் தயாளன்.
அவர் இருக்கைக்கு அடியில் எப்போதும்
இழுவைக் கயிறு ஒன்று, முனை தேய்ந்து.
"இசுசு மலையில் கரும்பு லாரியைத் தாண்டும்"
என்பான் பெக்கானி.
தாண்டும். பார்த்திருக்கிறேன். இறக்கத்தில்.

பிறகு என் நிசானிடம் வருவார்கள்.
"வாசகி அக்கா, வாரம் மூன்று லிட்டர்
எங்கே போகிறது உங்களுக்கு?"
இன்ஜெக்டர் அடைப்பு என்றார் ஒருவர்.
டயரில் காற்று பார், பிரேக் பிடிக்கிறதா பார்,
அந்த பங்கில் டீசலில் மண்ணெண்ணெய் கலக்கிறான்.
நோட்டைத் திறந்து எல்லாம் எழுதிக்கொண்டேன்,
தெரியாதவள் போல.

வியாழக்கிழமை வெஸ்ட்வில் போகிறேன்.
போகும் தூரம் மீட்டரில் ஏறும், கணக்கில் சேரும்.
காத்திருப்பது ஏறாது.
சிறைச்சாலை வெளியே, வேலியோரம்,
பதினொன்றிலிருந்து இரண்டுவரை
எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருப்பேன்.
ஸ்டார்ட்டர் சரியில்லை,
அணைத்தால் திரும்ப எழாது
என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.
இரண்டு மணிக்குப் பார்வையாளர் வாசல் மூடும்.
கியரைப் போட்டுத் திரும்புவேன்.
உள்ளே திரேஷன். என் மகன்.
மூன்றரை ஆண்டு, ஒரு பக்கிக்காக.

அந்தப் பக்கி இதே சந்தைக்கு வந்துகொண்டிருந்தது.
வெள்ளை நிறம், இடது விளக்கில் கீறல்.
பூபாலனுடையது.
இப்போது அவர் மற்றவர் வண்டியில்
முட்டைக்கோசு மூட்டைகளோடு ஓரமாய் ஏறி வருகிறார்.
மைலேஜ் பேச்சு தொடங்கினால்
தராசைத் துடைக்கப் போய்விடுவார்.
தயாளனுக்குத் தெரியும். பெக்கானிக்கும்.
இன்ஜெக்டரைப் பற்றி அவ்வளவு நேரம்
வேறு எதற்குப் பேசுவார்கள்?

போன வியாழன் மழை.
வைப்பர் ஒரு பக்கம் மட்டும் துடைத்தது.
வரிசையில் ஒரு பெண் ஈரத்தில் நின்றாள்,
கையில் பாலிதீன் உறை, உள்ளே சாக்ஸ்.
நான் சாவியைத் திருப்பினேன்.
அடங்கியதும் எவ்வளவு சத்தம் போட்டிருக்கிறது
என்று தெரிந்தது.

உள்ளே என்ன பேசினோம் என்பது நோட்டில் இல்லை.
மெலிந்திருக்கிறான்.
"ஸ்டார்ட்டர் மாத்தினியா?" என்று கேட்டான்.

மாற்றியிருக்கவில்லை. வெளியே வந்து திருப்பினால்
டிக், டிக், அவ்வளவுதான்.
சாக்ஸ் கொண்டுவந்தவளும் இன்னும் இரண்டு பெண்களும்
மழையில் தள்ளினார்கள்.
மூன்றாவது உந்தலில் இருமி எழுந்தது.

திங்கட்கிழமை நோட்டைப் பார்த்த தயாளன்
பொய்ச்சண்டையே போட்டார்.
"ஒரே வாரத்தில் சரியாகிவிட்டதே,
எந்த மெக்கானிக்? என்ன பண்ணினீர்கள்?"

"நிறுத்தினேன்" என்றேன்.

யாரும் பேசவில்லை.
தராசுப் பக்கமிருந்து பூபாலன் வந்தார்,
துணி கையில்.
பானெட்டின் மேல் இருந்த என் குவளையைத் தள்ளி
தன் குவளையை வைத்தார்.
"என்னுடையது பத்து கொடுத்தது" என்றார்.

லிட்டருக்கா, நூறுக்கா என்று
பெக்கானி கேட்க வாயெடுத்தான்.
அதற்குள் வாசல் திறந்தது.